கழிபொருளிற் கண்ட கலை

சிற்பத் தொழிலுக்கு வேண்டும் பொருள்கள் பத்து என்று திவாகர நிகண்டு எண்ணிச் சொல்லும். கல்லில் தொடங்கும் அப்பட்டியலில் தந்தத்துக்கு இடமுண்டு, மெழுகுக்கும் இடமுண்டு. கிழிந்த டிராம் வண்டிச் சீட்டுக்கும், அறுந்து விழுந்த சட்டைப் பொத்தானுக்கும், துருப்பிடித்த கம்பி வலைக்கும் அதில் இடமில்லை. மேலைநாட்டுக் கலை நூலாரும் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வரை இவற்றைக் கலைக்குரிய பொருளாகக் கருதியவர் அல்லர். இது கொள்ளத்தக்கது, இது கழிக்கத்தக்கது என்னும் பாகுபாடு கீழைநாட்டிலும் மேலைநாட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அப்பாகுபாட்டை உடைத்தவர் பலர். அவருள் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே ஈந்தவர், வீட்டையும் நாட்டையும் இழந்த பின்னரும் அதை விடாதவர், ஜெர்மானியரான குர்ட் ஷ்விட்டர்ஸ்.

தொடக்கம் அவருடையது அன்று. 1912-இல் பாரிஸ் நகரில் பிக்காசோ ஒரு சிறிய ஓவியம் தீட்டினார். பிரம்பு நாற்காலியைத் தூரிகையால் வரைவதற்கு மாறாக, பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத் துணியொன்றை வெட்டிக் கித்தானில் ஒட்டிவிட்டார். படத்தின் விளிம்பைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றை ஓட்டினார். அதே ஆண்டில் அவர் நண்பர் பிராக், சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளை வெட்டித் தம் கரிக்கோல் சித்திரத்தில் ஒட்டினார். புதுமை பெரிதுதான். ஆயினும் அவ்விருவருக்கும் ஒட்டுத்துண்டு ஓவியத்தில் வந்து புகுந்த விருந்தாளியே அன்றி, வீட்டுக்காரன் அன்று. விருந்தாளியிடம் வீட்டையே ஒப்படைத்தவர் ஷ்விட்டர்ஸ்.

அவர் பிறந்தது 1887-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், ஹானோவர் நகரில். பெற்றோர் மகளிர் ஆடைக் கடை நடத்திப் பின் அதை விற்று வீடுகள் வாங்கி, வாடகையில் வாழ்ந்தவர்கள். ஒரே பிள்ளை. இளமையிலேயே காக்கை வலிப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1909 முதல் 1915 வரை டிரெஸ்டன் கலைக்கல்லூரியில் முறையாக ஓவியம் கற்றார். மனித உருவம், இயற்கைக் காட்சி, ஒளி நிழல் எல்லாம் பழைய முறைப்படியே பயின்றார். இதனை நினைவில் வைப்பது நன்று. வரையத் தெரியாதவர்தாம் கத்தரிக்கோலையும் பசையையும் தேடிப் போவர் என்று ஏளனம் செய்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஷ்விட்டர்ஸ் சாகும் வரை, தம் புதுமுறை வேலைகளுக்கு நடுவே, மலையையும் கடலையும் மனித முகத்தையும் பழைய முறையில் தீட்டிக்கொண்டே இருந்தார். பல வேளைகளில் அவருக்குச் சோறு போட்டதும் அதுவே.

முதல் உலகப் போரின்போது, நோய் காரணமாகப் போர்முனைக்கு அனுப்பப்படாத அவர், ஹானோவருக்கு அருகே ஓர் இரும்பாலையில் இயந்திரப் படம் வரைபவராக அமர்த்தப்பட்டார். சக்கரத்தின்மேல் அவருக்குப் பற்று உண்டானது அங்கேதான். பின்னாளில் அவர் படங்களில் மரச்சக்கரங்களும் பற்சக்கரங்களும் அடிக்கடி தலைகாட்டுவதற்கு அந்த வேலையே வித்து.

1918 நவம்பர் 11-ஆம் நாள் போர் நின்றது. ஐந்து நாள் கழித்து அவர் மனைவி ஹெல்மா ஆண் மகவு ஒன்றை ஈன்றார். அப்பிள்ளையின் பெயர் எர்ன்ஸ்ட். இதற்கு முன் 1916-இல் பிறந்த தலைமகன் கெர்ட் பிறந்த சில நாளிலேயே இறந்து போயிருந்தான். நாட்டில் அரசர் ஓடிவிட்டார்; பசி; தெருவெங்கும் கலகம். எல்லாம் உடைந்து கிடக்கின்றன, புதியதைச் சிதறலிலிருந்துதான் ஆக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது என்று அவரே பின்னாளில் எழுதினார். நல்ல வண்ணமும் நல்ல கித்தானும் கிடைப்பதே அரிதாகிவிட்ட அந்நாளில் கைக்கு எட்டியதெல்லாம் குப்பைதான். அதையே எடுத்துக்கொண்டார்.

தெருவில் நடக்கும்போது குனிந்து குனிந்து பொறுக்குவார். டிராம் சீட்டு, மிட்டாய்த் தாள், தபால் தலை, செய்தித்தாள் துண்டு, தக்கை, கந்தல், கம்பி வலை, உடைந்த சக்கரம், மரச்சிம்பு ஆகிய அனைத்தும் வீடு வந்து சேரும். மரத்தையும் இரும்பையும் பலகைமேல் ஆணியால் அடிப்பார். தாள் வேலைக்கு அவர் கையாண்ட முறை தனி. மாவை நீரில் கரைத்துப் பசையாக்கித் தாளின்மேல் தாராளமாகத் தடவுவார். ஈரம் காய்வதற்கு முன்னே துண்டுகளை அதன்மேல் இட்டு, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பார். கசங்கிய துணுக்குகளை விரல்நுனியால் அழுத்தி ஈரத்துக்குள் பதிப்பார். மாவே அவருக்குப் பசையும் வண்ணமுமாக உதவியது என்று நேரில் கண்டவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே அவர் கொண்ட கொள்கை ஒன்று உண்டு. ஒரு துண்டு எங்கிருந்து வந்தது, முன்பு எதற்குப் பயன்பட்டது என்பது பொருட்டன்று. பக்கத்தில் இருக்கும் துண்டோடு அது எவ்வாறு இசைகிறது என்பதே பொருட்டு. சிவப்புச் சீட்டு சிவப்புக்காக எடுக்கப்படுகிறது; அதில் அச்சிட்ட எண் கோட்டின் வளைவுக்காக எடுக்கப்படுகிறது. தெரிந்தெடுத்தல், இடமறிந்து வைத்தல், உருமாற்றுதல் ஆகிய இவற்றில்தான் கலைஞன் வேலை அடங்கியிருக்கிறது என்றார். எளிது போலத் தோன்றும். ஆனால் அவருடைய ஒரு சிறு படத்தில் ஒரு துண்டை மறைத்துவிட்டுப் பார்த்தால் மற்றவை சாய்ந்துவிடுவதைக் காணலாம். பழந்தாளைக் கையில் எடுத்தவர் எல்லாரும் ஷ்விட்டர்ஸ் ஆகிவிட மாட்டார்.

தம் முறைக்கு அவர் வைத்த பெயரும் குப்பையிலிருந்தே கிடைத்தது. 1919-இல் அவர் செய்த படமொன்றில் ஒரு வங்கியின் விளம்பரத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. ஜெர்மன் மொழியில் வாணிகத்தைக் குறிக்கும் ‘கொம்மெர்ஸ்’ என்ற சொல்லின் முற்பகுதி வேறொரு துண்டுக்கு அடியில் மறைந்து, ‘மெர்ஸ்’ என்ற கடைப்பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. அச்சொல்லுக்குத் தனியே பொருளில்லை. அதுவே அவருக்குப் பிடித்துப்போயிற்று. தம் ஓவியங்களை மெர்ஸ் என்றார்; தாம் நடத்திய இதழுக்கும் மெர்ஸ் என்று பெயரிட்டார்; தம் பெயருக்கு நடுவிலும் அதைச் சேர்த்துக்கொண்டார். மொழிப்பயிற்சி உடையோர்க்கு இதில் இன்னொரு சுவையும் உண்டு. ஜெர்மன் மொழியில் நெஞ்சத்தைக் குறிக்கும் சொல்லும், வலியைக் குறிக்கும் சொல்லும், வேண்டாததைக் களைந்தெறிதலைக் குறிக்கும் சொல்லும் இந்த ஒலியைத் தம்முள் கொண்டவை அல்லது அதனை ஒட்டி ஒலிப்பவை. விளம்பரத்தாளை வெட்டிய கத்தரிக்கோல் இவ்வளவையும் அறிந்து வெட்டியிராது.

அவ்வாண்டிலேயே பெர்லின் நகரத்து ‘புயல்’ கலைக்கூடத்தில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. ஆன்னா புளூமே என்ற பெண்ணை விளித்துப் பாடிய அவர் கவிதை நாடெங்கும் சிரிப்பையும் சினத்தையும் கிளப்பியது. ஆனால் புதுமைக்காரர் என்று பெயர் வாங்கிய பெர்லின் தாதா இயக்கத்தாரே அவரை ஏற்கவில்லை. அவர்களுள் முதன்மையான ஹூல்சன்பெக் அவரை இகழ்ந்தார். காரணம், ஷ்விட்டர்ஸ் அரசியல் பேசவில்லை. பெற்றோர் வீட்டில் மனைவி மக்களோடு ஒழுங்காகக் குடியிருந்தார். புரட்சிக்கும் சில சடங்குகள் உண்டு போலும்! 1924 முதல் அவர் விளம்பர வேலையும் செய்தார். 1929-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் ஹானோவர் நகராட்சிக்கு அச்செழுத்து அமைப்பாளராக ஊழியம் பார்த்தார். வரிக்கடிதத் தலைப்பை நேர்த்தியாக அமைத்துக் கொடுக்கும் கையே, மாலையில் வீடு திரும்பிக் கிழிந்த கடிதங்களை ஒட்டிற்று.

ஏறத்தாழ 1923-இல் அவர் தொடங்கிய வேலைதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஹானோவர், வால்ட்ஹவுசன் தெரு, 5-ஆம் எண் வீட்டில், தம் வேலையறையில் தூண் ஒன்றை எழுப்பினார். தூணின் உச்சியில், இறந்துபோன தலைமகன் கெர்ட்டின் முகத்தில் வார்த்தெடுத்த சாந்து முகத்தை வைத்தார். தூண் வளர்ந்தது, பக்கத்தில் மற்றொன்று முளைத்தது, இரண்டுக்கும் இடையே மரச்சட்டமும் வெண்சாந்தும் பாலம் போட்டன. சுவர் கோணங்கோணமாக முன்னே வந்தது. கூரை கீழே இறங்கியது. இடையிடையே சிறு குகைகள். ஒவ்வொரு குகையும் ஒரு நண்பருக்கு. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவிடமிருந்து ஒரு பென்சில் அங்கே குடியேறியது. ஓவியர் ஹான்ஸ் ரிக்டரின் தலைமயிர்க் கற்றை ஒன்றும் குடியேறியது. பாதி புகைத்த சுருட்டு, நகத்துண்டு, காலணிக் கயிறு என்று நண்பர்கள் வீட்டில் விட்டுச்சென்றதும் அவரே கேட்டு வாங்கியதும் திருடியதும் எல்லாம் உள்ளே போயின. வேலை வளர வளர, பழைய குகைகள் புதிய சாந்துக்குள் மூடுண்டன. உள்ளே இருப்பது தெரியாது. இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

ஓர் அறையில் தொடங்கியது பல அறைகளுக்குப் பரவி, பதினான்கு ஆண்டுகளில் மாடத்தையும் மேல்மாடியையும் எட்டிற்று. இதுவே மெர்ஸ் கட்டடம். வாங்கவோ விற்கவோ முடியாத, வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியாத, முடிவு என்று ஒன்று இல்லாத ஒரு கலைப்படைப்பு. ஓவியமா, சிற்பமா, கட்டடமா என்று வகுப்பது இயலாது. அன்று அதைக் கண்டவர் சிலரே. 1933-இல் எடுத்த நிழற்படங்கள் சில எஞ்சியிருப்பதால் நாம் அதை ஒருவாறு அறிகிறோம்.

அதே 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். புதுமுறைக் கலை நாட்டுக்குக் கேடு என்று முத்திரை குத்தப்பட்டது. ஷ்விட்டர்ஸ் நகராட்சி வேலையை இழந்தார். 1936 இறுதியில் மகன் எர்ன்ஸ்ட் நார்வேக்குச் சென்றுவிட, 1937 ஜனவரி 2-ஆம் நாள் தந்தையும் பின்தொடர்ந்தார். இரகசியக் காவலர் அவரை விசாரிக்கத் தேடிக்கொண்டிருந்தனர். ஹெல்மா மட்டும் ஹானோவரில் தங்கினார். வாடகை வீடுகளைக் காக்க ஒருவர் வேண்டும். முதிய மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மெர்ஸ் கட்டடத்துக்கும் காவல் வேண்டும். கலை வரலாற்று நூல்கள் இவ்வம்மையாருக்கு ஒதுக்கும் இடம் மிகச் சிறிது. அவர் தாங்கிய சுமையோ சிறிதன்று.

1937 ஜூலையில் மியூனிக் நகரில் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரால் அரசாங்கமே ஒரு கண்காட்சி நடத்தியது. பொதுக் கலைக்கூடங்களிலிருந்து பறித்த படங்களைக் கோணல்மாணலாக மாட்டி, பக்கத்தில் ஏளன மொழிகளை எழுதி, மக்கள் சிரிக்கட்டும் என்று வைத்தார்கள். ஷ்விட்டர்ஸின் படங்களும் அச்சுவரில் தொங்கின. அவற்றின் முன்னே ஹிட்லர் நிற்கும் நிழற்படம் ஒன்று இன்றும் உள்ளது. அந்தச் சுவரில் இருந்தவற்றுள் ஒன்று, டிரெஸ்டன் நகரிலிருந்து எடுத்துவரப்பட்ட, மெர்ஸ் என்ற பெயரைத் தந்த அதே முதற் படம். பின் அது என்னவாயிற்று என்பது தெரியவில்லை. பெயர் தந்த படம் போயிற்று, பெயர் இருக்கிறது.

நார்வேயில், ஆஸ்லோவை அடுத்த லைசாக்கரில், ஷ்விட்டர்ஸ் இரண்டாவது மெர்ஸ் கட்டடத்தைத் தொடங்கினார். கோடையில் மோல்டேக்கு அருகே ஹியெர்டோயா என்ற சிறு தீவில் ஒரு குடிசையில் தங்கி, அதன் சுவர்களிலும் ஒட்டினார். 1939 ஜூனில் ஆஸ்லோவில் அவரும் ஹெல்மாவும் சந்தித்தனர். அதுவே இறுதிச் சந்திப்பு. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேக்குள் நுழைந்தது. வடக்கே வடக்கே ஓடி, ஜூன் மாதத்தில் பனியுடைக்கும் கப்பல் ஒன்றில் ஏறி, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தை அடைந்தார். இங்கிலாந்து அவரை வரவேற்றது எப்படி? ஜெர்மானியர் ஆகையால் பகைநாட்டார் என்று பிடித்து அடைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களையும் ஹிட்லரின் ஆட்கள் என்று ஐயுற்ற அந்நாளின் கொடுமை அது.

மான் தீவில் டக்ளஸ் நகரின் விடுதி வீடுகளைக் கம்பி வேலியிட்டு அமைத்த ஹட்சின்சன் முகாமில், 1940 ஜூலை முதல் 1941 நவம்பர் வரை அவர் காவலில் இருந்தார். பேராசிரியரும் இசைவாணரும் ஓவியரும் நிறைந்த முகாம் அது. வண்ணம் கிடைக்காது; கித்தான் கிடைக்காது. ஷ்விட்டர்ஸுக்கு இது புதிதா? தரையில் ஒட்டியிருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதன்மேல் ஓவியம் தீட்டினார். தேயிலைப் பெட்டிப் பலகையைச் சட்டமாக்கினார். உடனிருந்தோரின் முகங்களை வரைந்து சிறு ஊதியம் பெற்றார். காலை உணவில் மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைச் சேர்த்து வைத்துச் சிற்பம் செய்தார். சில நாளில் அது பச்சையும் நீலமுமாகப் பூசணம் பூத்து, அறையெங்கும் நாற்றம் வீச, தளத்தின் இடுக்கு வழியே கீழறைக்கும் சொட்டியது என்று உடனிருந்த பிரெட் உல்மன் என்ற எழுத்தாளர் குறித்துள்ளார். கீழறையில் இருந்தவர்பால் நமக்கு இரக்கம் உண்டாகாமல் போகாது. கஞ்சிச் சிற்பம் எதுவும் எஞ்சவில்லை. எஞ்ச வேண்டும் என்று அன்று யாரும் விரும்பியிருக்கவும் மாட்டார்.

விடுதலைக்குப் பின் இலண்டனில் வறுமை. 1943 அக்டோபரில் நேசநாட்டு விமானங்கள் ஹானோவரைத் தாக்கியபோது, வால்ட்ஹவுசன் தெரு வீடு குண்டுபட்டு அழிந்தது. பதினான்கு ஆண்டு உழைப்பு ஓர் இரவில் போயிற்று. அவரைத் துரத்திய ஆட்சி அதை இடிக்கவில்லை. அவருக்குப் புகலிடம் தந்த நாட்டின் தரப்பே இடித்தது. 1944-இல் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சில காலம் செயலற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். அச்செய்தியும் போரின் ஊடே காலந்தாழ்ந்துதான் அவருக்குக் கிட்டியது.

1945-இல் எடித் தாமஸ் என்ற ஆங்கில மாதின் துணையோடு ஏரிகள் சூழ்ந்த வடமேற்கு இங்கிலாந்தில், அம்பிள்சைடு என்னும் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். ஊராருக்கு அவர் முகம் வரையும் கிழவர், அவ்வளவே. 1947 ஜூனில் நியூயார்க் நவீன கலைக் காட்சியகம் அவருக்கு உதவித்தொகை வழங்கியது. அழிந்தவற்றைச் செப்பனிட வேண்டும் என்பதே முதல் எண்ணம். ஆனால் ஹானோவரில் செப்பனிட ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினார். எல்டர்வாட்டரில், முன்பு வெடிமருந்து ஆலையைச் சேர்ந்ததாக இருந்த நிலத்தில், ஹாரி பியர்ஸ் என்ற தோட்டக்கலைஞர் தம் கற்கொட்டகையை அவருக்குக் கொடுத்தார்.

வயது அறுபது. ஈளை நோய், தளர்ந்த கால், அடிக்கடி படுக்கை. ஜன்னலும் சரியாக இல்லாத குளிர்ந்த கொட்டகை. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை உழைத்து ஒரு சுவரை மட்டும் ஓரளவு முடித்தார். வண்டிச் சக்கரத்தின் வளையத்துண்டு, சிறுவர் ஆடும் இரப்பர்ப் பந்து, பூவாளியின் மூக்கு, கோழியை அடைகாக்க ஏமாற்றும் பீங்கான் முட்டை, கயிறு, சுள்ளி, ஓடைக்கல் ஆகியவற்றைச் சாந்தில் பதித்து, மென்மையான வண்ணம் பூசியிருக்கிறார். ஹானோவர்க் கட்டடத்தில் கோணங்கள் மிகுதி. இங்கே வளைவுகள் மிகுதி. சுவர் அலைபோல எழுந்து அடங்குகிறது. முதிய கை நடுங்கியதன் விளைவு என்று சிலர் கருதலாம். அது பொருந்தாது, குகைகளுக்குள் ஒளித்து வைத்த காலம் போய், எல்லாவற்றையும் மேலே காட்டிவிடும் துணிவு அவருக்கு வந்துவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

1948 ஜனவரி 7-ஆம் நாள், ஆங்கிலக் குடியுரிமை வழங்கப்பட்ட செய்தி வந்தது. மறுநாள் கெண்டல் நகர மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

லைசாக்கர்க் கட்டடம் 1951-இல் தீக்கிரையாயிற்று. ஆக எஞ்சியது அந்த ஒற்றைச் சுவரே. கொட்டகையில் ஈரம் ஏறி அதுவும் சிதையத் தொடங்கவே, 1965-இல் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனின் முயற்சியால் சுவர் முழுவதும் பெயர்க்கப்பட்டு, நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஹட்டன் கலைக்கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. நகர்த்த முடியாத கலையை நகர்த்தினார்கள். ஹானோவரின் ஷ்பிரெங்கெல் காட்சியகத்தில், பழைய நிழற்படங்களை அளந்து, 1980-களின் தொடக்கத்தில் முதற் கட்டடத்தின் தலைமை அறையை மீண்டும் அமைத்தனர். உருவம் சரியாக இருக்கலாம். மூடுண்ட குகைகளுக்குள் இருந்த பென்சிலையும் தலைமயிரையும் எந்த நிழற்படத்திலிருந்தும் அளந்தெடுக்க முடியாது.

அவர் வழியில் வந்தோர் மிகப் பலர். 1950-களில் அமெரிக்கர் ராஷன்பர்க், பாடம்செய்த ஆட்டின் உடலில் மோட்டார் டயரை மாட்டி நிறுத்தினார். 1969-இல் ரோமாபுரிக் கலைக்கூடமொன்றில் குனெல்லிஸ் என்பார் பன்னிரண்டு உயிருள்ள குதிரைகளைக் கட்டி வைத்தார். கானா நாட்டில் பிறந்து நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த எல் அனட்சுய், மதுப்புட்டிகளின் உலோக மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டித் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் பிணைத்துப் பொன்னாடைபோல் சுவரில் தொங்கவிடுகிறார். இவற்றுள் குதிரைகளைக் கலையென்று ஒப்புவதில் தயக்கம் இருக்கலாம். மூடிகளைப் பற்றித் தயங்க வேண்டியதில்லை. அங்கே கை இருக்கிறது.

கலைக்கூடத்தாருக்கு இவ்வகைப் படைப்புகளால் ஓயாத தொல்லையும் உண்டு. கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். செய்தித்தாளோ தன்னிடத்திலேயே உள்ள அமிலத்தால் பழுத்து உதிரும். ஷ்விட்டர்ஸ் ஒட்டிய நாளில் வெண்மையாக இருந்த தாள் இன்று பழுப்பு. நீலமாக இருந்தது சாம்பல். நாம் காணும் இசைவு அவர் கண்ட இசைவுதானா என்று துணிந்து கூற வல்லார் இல்லை.

அம்பிள்சைடு தேவாலயத்துத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது பெயர்க்கல் வைக்கவும் பொருளில்லை. 1966-இல்தான் மெர்ஸைப் படைத்தவர் என்று பொறித்த கல் ஒன்று நடப்பட்டது. 1970-இல் உடல் தோண்டி எடுக்கப்பட்டு ஹானோவர் இடுகாட்டில் மீண்டும் புதைக்கப்பட்டது. அம்பிள்சைடுக் கல்லை மட்டும் எவரும் எடுக்கவில்லை. அடியில் எவரும் இல்லாமல் அது அங்கேயே நிற்கிறது.